மூடுமலையின் சூட்டுக்கம்பி

மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்ததில் எதிர்வீட்டுக்காரர் முகத்தையே ஊர் மறந்துபோயிருந்த ஓர் ஆடி மாதத்தில், மூடுமலை நகராட்சி அலுவலகத்து மாடியில் இருந்த பெரிய நகல் மெஷின், வரி நோட்டீஸ்களைக் கத்தை கத்தையாகத் துப்பிக்கொண்டிருக்கும்போதே, வேலைக்குப் போய்த் திரும்பிய ஆள் செருப்பைக் கழற்றும்போது விடுகிற மாதிரி ஒரு மூச்சை விட்டுவிட்டு நின்றுபோனது. அதைப் பழுது பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் பியூலா வந்தாள். சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்ற நினைப்பில் மாற்றுத்துணிகூட எடுத்துவரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு இதுதான் வேலை. பேங்க், கோர்ட்டு, காலேஜ் என்று எங்கே ராப்பகலாக ஓடும் மெஷின் இருக்கிறதோ அங்கே அவள் கை பட்டிருக்கும். மூடுமலை மெஷினோ இரண்டு பீரோக்களைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கக் கதவைத் திறந்து, காகிதத்தில் மையைச் சூட்டால் ஒட்டவைக்கும் பியூசர் என்ற பகுதியை வெளியே இழுத்து, ரோலரைக் கழற்றினாள். ரோலர் வந்துவிட்டது. ரோலரைச் சூடாக்க அதற்குள் ஓடிய கம்பி மட்டும் இடதுபக்கத்துப் பேரிங்கோடு கடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது.

வராத பார்ட்டை இழுக்கக் கூடாது, எது பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது. கிளிப் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள், இல்லை. சந்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, தபால் பிரிவில் இருந்த கோகிலவாணி கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்தாள். பிறகு தலைமுடி உலர்த்தும் மெஷினால் பேரிங்குக்குச் சூடு காட்டினாள், மரக்கட்டையை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டினாள், இடதுபக்கமாக மெல்லத் திருகினாள், கம்பி ஒரு சாண் வெளியே வந்தது. அப்பாடா என்று இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஒரு கை நீளத்துக்கு மேல் அதற்கு இருக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் வந்தது, எதிர்ச்சுவரைப் போய்த் தொட்டது. பியூலா எழுந்து போய் மெஷினுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு விளக்குமாறும் ஒட்டடையும்தான் இருந்தன.

கோகிலவாணிக்கு ஏழாவது மாசம். நிறைந்த வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, கம்பியைத் தொட்டுப் பார்த்து, "மேடம், வெதுவெதுன்னு இருக்குதுங்க" என்றாள்.

பிளக் தரையில் கிடந்தது. காலையிலிருந்து அப்படித்தான் கிடந்தது. பியூலா பிளக்கைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், மறுபடி பிளக்கைப் பார்த்தாள்.

மேலாளர் அர்த்தநாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். "அதெல்லாம் இருக்கட்டும்மா, மெஷின் எப்ப ஓடும்?"

"இது முழுசா வெளியே வந்தாத்தாங்க சார் புதுசு போட முடியும்."

"அப்ப எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

எடுக்க வேண்டியதுதானே. பியூலா திருகி இழுத்தாள், கம்பி வராந்தாவுக்கு வந்தது, மாடிப்படியில் மடங்கிக்கொடுத்து ஒவ்வொரு படியாக இறங்கியது, எஃகுக் கம்பி அப்படி மடங்காதே என்று நினைத்துக்கொண்டே அவளும் அதோடு இறங்கினாள், முற்றத்தில் மழை அதன்மேல் விழுந்து ஆவியாக எழுந்தது, சாயங்கால பஸ் கிளம்பிப்போன சத்தம் கேட்டபோது அவள் அலுவலக வாசல் கேட்டில் கம்பியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கம்பெனியிலிருந்து அவளுடைய மேலதிகாரி சுதாகர் போனில் கேட்டார்: "பார்ட் வந்துடுச்சா?"

"வந்துகிட்டே இருக்குதுங்க சார். இப்ப கேட் பக்கத்துல இருக்குது."

"எந்த கேட்டு?"

"ஆபீஸ் கேட்டுதாங்க சார். மெஷின் மாடியில இருக்குது."

"மழையில சிக்னல் சரியில்லை பியூலா, நாளைக்குப் பேசுறேன்."

மூடுமலைக்காரர்கள் இதற்காக ஒன்றும் வாயைப் பிளந்துவிடவில்லை. வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளேயே நடந்து, வீட்டுக்கதவு என்று நினைத்து அடுத்தவர் கதவைத் தட்டி, உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஜனங்கள் அவர்கள். கம்பி எங்கிருந்து வருகிறது என்று யாருமே கேட்கவில்லை, எந்தத் தெருப் பக்கம் போகும் என்றுதான் கேட்டார்கள். தோசைமாவு விற்கும் பொம்மியம்மாதான் முதலில் வந்தாள். அந்தக் குளிரில் மாவு புளிக்க அவள் கம்பளி சுற்றி, அடுப்பு ஓரம் வைத்து, என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்றுப்போனவள். மாவுப் பாத்திரத்தைக் கம்பியின்மேல் கட்டித் தொங்கவிட்டாள், மறுநாள் காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு ஈரத்துண்டுகள் வந்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலுறைகள் வந்தன, பிரசவித்த நாய் ஒன்று குட்டிகளைக் கவ்விக்கொண்டு வந்து அடியில் போட்டது, முழங்கால் வலிக்காரர்கள் முக்காலி போட்டு முட்டியைக் கம்பிமேல் சாய்த்துக்கொண்டு உலக விவகாரம் பேசினார்கள், சவரக்கடைக்காரர் தண்ணீர்க் கிண்ணத்தை அதன்மேல் வைத்தார், பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்த ஓர் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பேசாமலேயே குளிர் காய்ந்துவிட்டுப் போனார்கள்.

நகராட்சிக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இது குழாயா, ஒயரா, அலுவலகத் தளவாடமா என்று ஆரம்பித்து, மேலத்தெருவுக்கு முதலா தேவாலயத் தெருவுக்கு முதலா என்று போய், கடைசியில் இதற்குத் தற்காலிகத் தெருவசதி என்று பெயர் வைத்து, தெருவாரியாக முறை போட்டார்கள். மலையுச்சியில் இருந்த ஆஸ்பத்திரி கடைசி முறைக்குப் போனது, அங்கே யார் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அலுவலகச் சொத்து என்று காட்டுவதற்காகத் தபால் ஆபீஸ் முக்கில் ஒரு கல்தூண் நட்டு, கம்பியை இரும்புப் பட்டையால் தூணோடு சேர்த்துப் பூட்டியும் வைத்தார்கள். அந்தப் பட்டைக்குள் கம்பி வழுக்கிக்கொண்டு போகும்படி முதலில் கொஞ்சம் இடைவெளி இருந்தது.

கம்பி யார் இழுத்தாலும் வந்திருக்கலாம். ஆனால் எடுக்க ஆரம்பித்தவர்தான் எடுக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டதால், ஒருவரும் முயன்று பார்க்கவில்லை. தினமும் விடிந்ததும் பியூலா திருகி இழுப்பாள், அன்றைய தெரு ஜனம் குடையோடு கூடவே நடக்கும். ஒருத்தி சேலை கொடுத்தாள், ஒருத்தி ஸ்வெட்டர் கொடுத்தாள், வேளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு போட்டார்கள். பஸ்ஸில் ஏறப்போனபோது கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்: "உங்களை ஏத்திட்டுப் போனா இந்த ஊர்ல எனக்கு ஒரு டம்ளர் தண்ணிகூட யாரும் தர மாட்டாங்கக்கா, இறங்கிடுங்க."

"நீ வேலைக்குப் போனியா, குடித்தனம் போனியா?" என்று போனில் கேட்டான் அவள் கணவன் ராபின்சன்.

"தெரியலையேங்க" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறாளா, ரிப்பேர் ஆக்கிக்கொண்டிருக்கிறாளா, தன்னை விருந்தாளியாக வைத்திருக்கிறார்களா, பிடித்துவைத்திருக்கிறார்களா, ஒன்றும் பிடிபடவில்லை. எத்தனை மெஷினின் எத்தனை பார்ட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லியிருப்பாள். இதைக் கையில் பிடித்திருக்கும்போது மட்டும், தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவள் மாதிரி, எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் கால் என்றே விளங்காமல் போனது. கழற்றுகிறவளுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும். இதற்கு முடிவு இருந்ததா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போது மழை வலுத்து, ஒரு வாரமாகக் கம்பியை இழுக்கவே முடியவில்லை. அப்போதுதான் மலைப்பாதையில் மண் சரிந்தது. பஸ் நின்றது, மின்கம்பங்கள் சாய்ந்தன, போன் செத்தது, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இருந்த டீசலைக் குடித்துவிட்டு அடங்கியது. அதே நாள் காலையில், மாதம் நிறையாமலேயே கோகிலவாணிக்கு வலி கண்டு, பெண்குழந்தை பிறந்தது. அவள் புருஷன் கீழே சமவெளியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் நூர்ஜகான் நனைந்துபோய்ப் பஸ் நிலையத்துக்கு ஓடிவந்தாள். கம்பியின் முனை அன்றைக்கு அங்கேதான் இருந்தது. "பெத்தவளுக்கு ரத்தம் போய் உடம்பு ஐஸா கிடக்குதுக்கா. நாங்க ஆளு மாத்தி ஆளு குழந்தையை நெஞ்சோட வச்சிருக்கோம். எங்களுக்கே பல்லு கிடுகிடுங்குது, அது எப்படித் தாங்கும்? இந்தக் குளிர்ல வெளியே தூக்கிட்டும் வர முடியாது. கம்பியை மேலே கொண்டு வாங்க."

பியூலா முனையைப் பிடித்து, இடதுபக்கம் திருகி, இழுத்தாள். கம்பி அசையவில்லை. எண்ணெய் விட்டாள், மறுபடி இழுத்தாள், அசையவில்லை. கூடியிருந்தவர்கள் முதல்முறையாகக் கை வைத்தார்கள், பஸ் டிரைவர் பிடித்தார், சவரக்கடைக்காரர் பிடித்தார், அண்ணனும் தம்பியும் ஒருவருக்குப் பின் ஒருவராகப் பிடித்தார்கள், தேர் இழுக்கிற மாதிரி குரல் கொடுத்து இழுத்தார்கள். ஒரு நூல்கூட வரவில்லை.

"விடுங்க" என்றாள் பியூலா. "இழுக்காதீங்க. எங்கேயோ பிடிச்சிருக்குது. பார்க்கலாம்."

வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள், ஊர் பின்னால் நடந்தது. நடக்க நடக்கத்தான் தெரிந்தது, கம்பியை ஊர் எப்படி இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறது என்று. கொடிக்கயிறுகளை அதில் முடிந்திருந்தார்கள், கோழிக்கூண்டைக் கட்டியிருந்தார்கள், கடைக்குக் கடை தகரப்பந்தலை அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள், தொட்டில் தொங்கியது, கட்சிக்கொடிகள் பறந்தன, வேண்டுதல் மஞ்சள்துணிகள் முடிச்சுமேல் முடிச்சாக ஒரு தெரு முழுக்க இருந்தன. யாரையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மேல ஒரு குழந்தை இருக்குதுங்க" என்று மட்டும் ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். பொம்மியம்மா ஒரு நிமிஷம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்புறம் மாவு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே அரிவாள்மனையை எடுத்துவந்து கயிற்றை அறுத்தாள். முடிச்சுகள் அவிழ்ந்தன, பந்தல்கள் இறங்கின, தொட்டிலில் தூங்கிய பிள்ளை இடுப்புக்குப் போனது.

தபால் ஆபீஸ் முக்கில் இரும்புப் பட்டை துருவேறி, கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. சாவி வைத்திருந்த நகராட்சி இன்ஸ்பெக்டர் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். "அரசாங்கப் பூட்டும்மா" என்றார் அர்த்தநாரி. பியூலா பையிலிருந்து இரும்பு அறுக்கும் வாளை எடுத்தாள். அர்த்தநாரி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார், அப்படித் திரும்பியபடியே அவள் தலைக்கு மேல் குடையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் கம்பி நகரவில்லை. மேலத்தெரு முனையில், அது ஒரு புதுச் செங்கல்சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. மரக்கிடங்கில் காவல் வேலை பார்த்து ஓய்ந்த வரதப்பன் வீடு அது. தன் வெளிச்சுவரை ஒட்டிப் போன கம்பியை வீட்டுக்குள் வரும்படி சுற்றிச் சுவர் எழுப்பி, சிமெண்ட் பூசி, அதன் ஓரத்தில் கட்டிலைப் போட்டிருந்தார். பூச்சு கம்பியோடு கல்லாகிப்போயிருந்தது.

"உடைக்க விட மாட்டேன்" என்றார் கட்டிலில் உட்கார்ந்தபடி. வெளியே ஜனம் சத்தம் போட்டது. பியூலா எல்லாரையும் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் என்ன கண்ணு தப்புப் பண்ணிட்டேன்?" என்றார் அவர். "குளிருது, உள்ளே இழுத்துக்கிட்டேன். கையை மேல வச்சுப் படுத்தா, யாரோ கூடப் படுத்திருக்கிற மாதிரி இருக்குது. யாருன்னுதான் தெரியல. சாவித்திரி இல்லை. என் சம்சாரம் கை எப்பவும் சில்லுனு இருக்கும், செத்த அன்னிக்குக்கூட வித்தியாசமே தெரியல எனக்கு. அப்ப இது யாரு? உனக்குத் தெரியுமா? நீதானே எடுத்தே."

பியூலாவும் கம்பியின்மேல் கையை வைத்தாள். இத்தனை நாளும் அதைப் பிடித்து இழுத்தவள், சும்மா தொட்டுக்கொண்டு இருந்ததில்லை. உள்ளே எங்கோ மிக லேசாக ஒரு நடுக்கம் போய்க்கொண்டிருந்தது. மழை விழும் அதிர்வாக இருக்கலாம், வெளியே கூடியிருந்தவர்களின் காலடியாக இருக்கலாம்.

"எனக்கும் தெரியலீங்கய்யா" என்றாள். "சத்தியமா எனக்கு ஒண்ணுமே புரியலை. மேல கோகிலவாணிக்குக் குழந்தை பிறந்து, அது சில்லுனு போய்க்கிட்டிருக்குது. அது மட்டும்தான் தெரியுது."

"தபால் பிரிவுல இருக்குமே, அந்தப் பொண்ணா?"

"ஆமாங்க."

வரதப்பன் எழுந்து, கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தார். யாரோ வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை. தான் பூசிய சுவரைத் தானே குத்தினார், மூச்சு வாங்கியது, நின்றார், மறுபடி குத்தினார், கடைசிச் செங்கல் கட்டில்மேல் விழுந்தபோது, ஊர் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடி, கம்பி தானாகவே ஒரு முழம் முன்னால் போனது.

அதற்குப் பிறகு அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பாடாக இருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த முறை என்பதெல்லாம் மறந்து, ஏந்திய கைகளின்மேல் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு, மேகத்துக்குள் ஏறி, படிக்கட்டுப் பாதையில் வளைந்து, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அது உள்ளே போனது. முன்னால் பியூலா ஓடினாள். நூர்ஜகான் கம்பளியை விரித்தாள், கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, அடுத்த கட்டிலுக்கடியில் ஒரு சுற்று, வார்டில் பனி வியர்த்துச் சுவரில் ஒழுகியது, ஒரு நோயாளி போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். குழந்தையின் நிறம் நீலத்திலிருந்து மெல்ல மாறியதை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எந்த நிமிஷத்தில் மாறியது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அது அழுதது. அதைக் கேட்டுக் கோகிலவாணி கண்ணைத் திறந்தாள்.

அதே நேரத்தில் கீழே அர்த்தநாரி, செருப்பில்லாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். "வந்திருச்சு! மறுமுனை வந்திருச்சு!" மெஷினிலிருந்து கம்பியின் வால் உருவிக்கொண்டு படியிறங்கி, முற்றம் கடந்து, வந்த தெருவெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஜனம் வாசலுக்கு வந்து, தங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒருதரம் தொட்டுக்கொண்டது. பொம்மியம்மா மாவுக்கையோடு தொட்டாள். வரதப்பன் இடிந்த சுவருக்குள் நின்று, உள்ளங்கையைத் திறந்துவைத்து, முழுக் கம்பியும் அதன் வழியாக ஓடி முடியும்வரை அசையாமல் இருந்தார். முனை கையைவிட்டுப் போனதும், கட்டிலில் கிடந்த செங்கலைத் தள்ளிவிட்டு உட்காரப் போனவர், உட்காராமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே மலையேறிப் போனார்.

பாதை திறந்து, கரண்டும் போனும் வந்து, பஸ்ஸில் புதுக் கம்பி வந்தது, ஒரு கை நீளம்தான் இருந்தது. பியூலா அதைப் போட்டு, ரோலரை ஏற்றி, கதவை மூடி, பிளக்கைச் சொருகினாள். விட்ட இடத்திலிருந்து வரி நோட்டீஸ்கள் வந்து விழுந்தன. அர்த்தநாரி ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று திருப்திப்பட்டார். தெருக்கள் பழையபடி குளிர்ந்துவிட்டன. ஊர்க்காரர்களுக்குத் திடீரென்று ஆஸ்பத்திரியில் நிறைய சொந்தக்காரர்கள் முளைத்தார்கள், பழம் வாங்கிக்கொண்டு போய் யாராவது ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்கள். வரதப்பன் யாரையும் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பியூலா வார்டுக்குப் போனபோது, போன் அடித்தது.

"மெஷின் ஓடுதாமே, சந்தோஷம்" என்றார் சுதாகர். "பழைய பார்ட்டைக் கையோட எடுத்துட்டு வந்துடுங்க பியூலா. அதைத் திருப்பி அனுப்பணும்."

கம்பியின் முனை, மஞ்சள் கம்பளிக்குள் கிடந்த குழந்தையின் பக்கத்தில் இருந்தது. குழந்தை ஒரு கையை வெளியே நீட்டி அதைப் பிடித்திருந்தது. பியூலா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து, கடுகு மாதிரி நகமிருந்த ஒரு விரலை மெல்ல நிமிர்த்திவிட்டாள். அடுத்த விரலுக்குப் போவதற்குள் முதல் விரல் திரும்ப மடங்கிக்கொண்டது.

"முடியாது போல இருக்குதுங்க சார்."

"ஏன், இன்னும் எங்கேயாவது மாட்டிக்கிட்டு இருக்கா?"

"ஒருத்தங்க பிடிச்சிருக்காங்க சார். விட மாட்டேங்குறாங்க."

"யாரும்மா அது? பேரைச் சொல்லுங்க, நானே பேசுறேன்."

பியூலா கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி நூர்ஜகானைப் பார்த்தாள், நூர்ஜகான் வரதப்பனைப் பார்த்தாள், அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் பேர் வைக்கலீங்க சார்" என்றாள் பியூலா.